தொண்டை நோவுக்கு வாங்கியவையும் ஒரு மாலைநேரப் பரிசோதனையும்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குத் தொண்டை நோ வந்தால், அவர் முதலில் தேடுவது அடுப்படியிலுள்ள உப்பையும் கொத்தமல்லியையும். அவற்றுக்கு அடங்காவிட்டால் சந்தியிலுள்ள மருந்துக்கடையை. அங்கும் சரிவராவிட்டால்தான் வைத்தியரை. ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் ஆசிரியையான நான், கடந்த தை மாதத்திலிருந்து சித்திரை வரை இதே ஒழுங்கில் ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் ஆஸ்பத்திரி வீதிக்கு அண்மையில், முன்பதிவு செய்து கட்டணம் கொடுத்து நிபுணர்களிடம் காட்டும் ஒரு சனலிங் நிலையத்தில் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அந்த நான்கு மாதங்களில் பணம் கொடுத்து வாங்கிய பொருட்களைப் பற்றியும் அந்த மாலையில் கிடைத்த சேவையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். வாங்கிய பொருட்களில் பெரும்பாலானவை நல்லவையே. எனக்கு இருந்த வருத்தம் என்னவென்று தெரியாமல் அவற்றை வாங்கியதுதான் பிழை.

தை மாதத்தில் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தடிமன் இருந்தது, எனக்கும் தொற்றியது. மூக்கு ஓடியது, இருமல் வந்தது, தொண்டை நொந்தது, ஆறாம் நாள் எல்லாம் விட்டுப்போயின. மாசியில் தொடங்கியது வேறு மாதிரியானது. தொண்டையின் வலப்பக்கத்தில் மீன் முள் ஒன்று சிக்கியிருப்பது போன்ற உணர்வு இருந்தது. எச்சில் விழுங்கும்போது அது தெரிந்தது. சோறு விழுங்கும்போது அவ்வளவாகத் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை. காலையில் எழுந்ததும் வாயில் ஒரு புளிப்பும், எத்தனை தரம் பல் விளக்கினாலும் போகாத ஒரு கெட்ட மணமும் இருந்தன. நாள் முழுவதும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தேன். "உனக்கு டொன்சில் வந்திட்டுது" என்று அம்மா சொன்னார், நானும் அதை ஏற்றுக்கொண்டேன். டொன்சில் என்பது எல்லோருக்கும் பிறப்பிலிருந்தே அடிநாக்கின் இரு பக்கங்களிலும் இருக்கும் நிணநீர் இழையம், வருவது அதன் அழற்சி என்பதை நான் படித்திருந்தும், அந்நேரம் அது நினைவுக்கு வரவில்லை.

உப்புத் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நான் பயன்படுத்திய எல்லாவற்றிலும் மலிவானதும் இன்றுவரை கைவிடாததும் அதுதான். ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு என்பது போதுமான அளவு. நான் முதலில் செய்தது போல ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டால் தொண்டை மேலும் காய்ந்து எரியும். வீங்கிய இழையத்திலுள்ள நீரை உப்புச் சிறிதளவு வெளியே இழுக்கிறது, ஒட்டியிருக்கும் சளியையும் இளக்குகிறது; அதனால்தான் கொப்பளித்தவுடன் ஓர் இலேசு தெரிகிறது. அது கிருமியைக் கொன்று நோயை மாற்றும் மருந்து அல்ல. தலையை நன்றாகப் பின்னே சாய்த்து, "ஆ" என்று ஒலியெழுப்பியபடி கொப்பளித்தால்தான் நீர் டொன்சில் வரை செல்லும். வாயின் முன்பகுதியில் மட்டும் அலசித் துப்புவதால் பல்லுக்கு நன்மை உண்டு, தொண்டைக்கு இல்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த நீரை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். சரியாகக் கொப்பளிக்கத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு இது உதவாது.

அடுத்தது ஸ்ரெப்சில்ஸ். ஆசிரியர் ஓய்வறையில் யாராவது ஒருவரின் கைப்பையில் இது எப்போதும் இருக்கும், அதனால் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது பொருந்தும். வழமையான ஸ்ரெப்சில்ஸ் ஒன்றில் டைகுளோரோபென்சைல் அற்ககோல் 1.2 மில்லிகிராமும் அமைல்மெற்றாகிரெசோல் 0.6 மில்லிகிராமும் உள்ளன. இவை இரண்டும் மென்மையான கிருமிநீக்கிகள். தொண்டையை இலேசாக மரக்கச் செய்யும் இயல்பும் இவற்றுக்கு உண்டு. எனக்கு அதிகம் உதவியது, இதைச் சப்பும்போது ஊறும் எச்சில்தான் என்று நினைக்கிறேன். மூன்று பாடவேளைகள் தொடர்ந்து கதைத்த பிறகு வறண்டுபோயிருக்கும் தொண்டைக்கு அந்த எச்சில் தரும் ஆறுதல் உண்மையானது, ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்பதில்லை. இரண்டு அல்லது மூன்று மணித்தியாலங்களுக்கு ஒன்று என்பதே முறை. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. வழமையான வகையில் சீனி இருப்பதால் நீரிழிவு உள்ளவர்கள் சீனி சேர்க்காத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். தொண்டை மாத்திரைகளில் புளூர்பிபுறோபென் 8.75 மில்லிகிராம் கலந்த இன்னொரு வகையும் உண்டு. அது உண்மையான நோ நிவாரணி, விழுங்கவே முடியாத நோவுக்கு மிக நல்லது. ஆனால் நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் எடுக்கக் கூடாது. குடற்புண் உள்ளவர்களும், அஸ்பிரின் எடுத்தால் மூச்சிழுப்பு வருபவர்களும் அதைத் தொடக் கூடாது. இரண்டையும் ஒரே இனிப்புப் போலக் கருதி மாறி மாறி வாயில் போடுவது ஆபத்தான பழக்கம்.

மருந்துக்கடையில் மூன்றாவதாக வாங்கியது பீற்றாடின் கொப்பளிப்பு மருந்து. பொவிடோன் அயோடின் 1 வீதம் கொண்ட, கடும் மண்ணிறத் திரவம் அது. வாயில் அரை நிமிடம் வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கட்டாயம் விழுங்கக் கூடாது. சுவை பழகுவதற்கு மூன்று நாட்கள் சென்றன, ஒரு சொட்டு வெள்ளைச் சேலையில் விழுந்த கறையைப் போக்க அதைவிட அதிக நாட்கள் சென்றன. கிருமிகளைக் கொல்லும் ஆற்றலில் நான் வாங்கிய பொருட்களுக்குள் இதுவே முதன்மையானது, கெட்ட மணமும் இதனால் சில மணித்தியாலங்களுக்குக் குறைந்தது. இருந்தாலும் அயோடின் என்பதால் தைரொயிட் நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைப் பாவிக்கக் கூடாது, மற்றவர்களும் இரண்டு கிழமைகளுக்கு மேல் தொடரக் கூடாது. நான் ஐந்து கிழமைகள் தொடர்ந்தேன். போத்தலைச் சுற்றி ஒட்டியிருந்த பொடி எழுத்து எச்சரிக்கையைக் கடைசிக் கிழமையில்தான் வாசித்தேன்.

வீட்டில் அம்மா அவித்துத் தந்த குடிநீரை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது நன்றியில்லாச் செயலாகும். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மிளகு, பற்படாகம் ஆகியவற்றைத் தட்டிப் போட்டு, எட்டிலொன்றாக வற்றவைத்து, பனங்கட்டியுடன் தருவார். அவிக்க நேரமில்லாத நாட்களில் சமஹன் பக்கெற் ஒன்றைச் சுடுதண்ணீரில் கரைத்தோம். 14 மூலிகைகளின் சாரம் கொண்ட அந்தத் தூளில் கொத்தமல்லி, இஞ்சி, மிளகு, ஆடாதோடை எல்லாம் இருப்பதால் அம்மாவின் குடிநீருக்கு அது தூரத்து உறவு என்று சொல்லலாம். சீனி கலந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தடிமனோடு வந்த தை மாதத்து நோவுக்கு இவை இரண்டும் மிக நன்றாக உதவின. சூடான பானம் சளியை இளக்கியது, வியர்த்தது, நித்திரையும் வந்தது. மாசியில் தொடங்கிய முள் உணர்வுக்கோ இவற்றால் ஒரு பயனும் இல்லை. மிளகுக் காரம் குடித்த இரவுகளில் காலைப் புளிப்பு இன்னும் கூடியது. அது ஏன் என்பது பின்னர்தான் விளங்கியது. அதிமதுரத் துண்டு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொள்ளும்படி அயலிலுள்ள அக்கா ஒருவர் சொன்னார். தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது, ஆனால் அதை நாள்தோறும் அதிகமாகச் சப்பினால் இரத்த அழுத்தம் கூடும் என்பதால் சில நாட்களோடு நிறுத்திவிட்டேன். சித்த முறையில் தொடர்ந்து மருந்தெடுக்க விரும்புகிறவர்கள், கேள்விப்பட்டதை வைத்துத் தாமாகச் செய்யாமல், கைதடியிலுள்ள சித்த போதனா வைத்தியசாலையில் முறையாகக் காட்டுவது நல்லது.

இனி, எழுதவே சங்கடமான ஒன்று. பங்குனி மாதத்தில், வீட்டில் யாருக்கோ முன்னர் எழுதிக் கொடுக்கப்பட்டு மிஞ்சிக் கிடந்த அமொக்சிசிலின் குளிசைகளை எடுத்து, மூன்று நாட்கள் விழுங்கினேன். மாற்றம் எதுவும் இல்லாததால் நிறுத்திவிட்டேன். பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒருத்தி செய்யக் கூடாத செயல் இது. தொண்டை அழற்சிகளில் பெரும்பாலானவை வைரசால் வருபவை, அவற்றை அன்ரிபயோட்டிக் ஒன்றும் செய்யாது. அது தேவைப்படும் நோயாக இருந்தால் மூன்று நாள் அரைகுறையாக எடுப்பதும் பிழை. தொண்டை நோவுக்கு ஒரு காரணமாகும் சுரப்பிக் காய்ச்சல் என்ற வைரசு நோயில் அமொக்சிசிலின் எடுத்தால் உடல் முழுவதும் சிவந்த தடிப்புகள் எழும்பவும் கூடும்.

என்னைத் திருப்பிவிட்டவர் மருந்துக்கடைக்காரத் தம்பி. சித்திரையில் ஒரு மாலை ஸ்ரெப்சில்ஸ் வாங்கப் போனபோது, அதை எடுத்துத் தருமுன், "ரீச்சர், போன கிழமையும் இதைத்தானே வாங்கினீங்கள்? ஒருக்கா ஈ.என்.ரி. டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றார். விற்பனை ஒன்றை இழந்து அந்த வார்த்தையைச் சொன்ன அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இதே துறையின் கிளினிக் இலவசமாக நடக்கிறது. பாடசாலை நேரத்தில் லீவு எடுக்க முடியாததால் மட்டுமே நான் மாலைநேரச் சனலிங்கைத் தெரிவுசெய்தேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனெனில் அதன் குறைகளையும் சொல்லப்போகிறேன், ஒரு நாள் அனுபவத்தை வைத்து ஒரு பெயரைக் கெடுக்க எனக்கு மனமில்லை. தொலைபேசியில் இலக்கம் எடுப்பது எளிதாக இருந்தது. ஐந்தரை மணிக்கு வரச் சொன்னார்கள். உள்ளே போனது எட்டு மணிக்கு. இருமுகிறவர்களும் கைக்குழந்தைகளும் ஒரே சிறிய கூடத்தில், ஒரே மின்விசிறியின் கீழ் இருந்தோம். வைத்தியசாலையில் முடித்துவிட்டு வருகிற நிபுணர் தாமதிப்பது விளங்கக்கூடியதே. ஆனால் தாமதமாகும் என்பதை ஒரு அழைப்பில் அறிவித்திருந்தால், முதியவர்களும் காய்ச்சல்காரப் பிள்ளைகளும் இரண்டரை மணித்தியாலம் அங்கே குந்தியிருக்க வேண்டி வந்திராது.

உள்ளே கிடைத்த பதினைந்து நிமிடங்கள் அந்தக் காத்திருப்புக்குத் தகுந்தவையாக இருந்தன. வைத்தியர் முதலில் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு இரவுச் சாப்பாடு, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் படுக்கை, வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் உண்டா, நிறை குறைந்ததா, காதுக்குள் நோ பரவுகிறதா, குரல் அடைத்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்னர் நாக்கை அழுத்தி ஒளி பாய்ச்சி டொன்சில் இரண்டையும் பார்த்தார், கழுத்தின் இரு பக்கங்களையும் விரல்களால் தடவினார், ஒரு சிறு கண்ணாடியைப் புகார் படியாமல் சூடாக்கி உள்ளே பிடித்துக் குரல்வளையையும் பார்த்தார். அன்ரிபயோட்டிக் தேவைப்படும் பக்ரீரியா அழற்சி என்று சந்தேகிப்பதற்குத் தாம் நான்கு அடையாளங்களைப் பார்ப்பதாக விளக்கினார்: 38 பாகை செல்சியஸுக்கு, அதாவது வீட்டு வெப்பமானியின் பரனைற் அளவில் 100.4க்கு, மேற்பட்ட காய்ச்சல், டொன்சிலில் வீக்கமும் வெண்சீழும், கழுத்தின் முன்புறத்தில் வீங்கி நோகும் நிணநீர்க் கணுக்கள், இருமல் இல்லாமை. என்னிடம் இருமல் இல்லாமை ஒன்றைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

"ரீச்சர், இது முள்ளும் இல்லை, பயப்பிடுற வருத்தமும் இல்லை. டொன்சிலில இயற்கையாவே குழிகள் இருக்கு. அதுக்குள்ள சேர்ந்து இறுகின கல்லுத்தான் இது" என்றார். உணவுத் துணுக்குகளும் உதிர்ந்த தோற்கலங்களும் பக்ரீரியாக்களும் அந்தக் குழிகளில் தங்கி, காலப்போக்கில் கல்சியம் படிந்து வெளிறிய மணிகளாக இறுகிவிடுகின்றன. அந்த பக்ரீரியாக்கள் வெளியிடும் கந்தகச் சேர்வைகளே நான் பல் விளக்கிப் போக்க முயன்ற மணம். மரக்கச் செய்யும் ஸ்பிறே அடித்து, மழுங்கிய கருவியால் அழுத்தி, பயற்றம்பருப்பை விடச் சிறிய இரண்டு மணிகளை வெளியே எடுத்துக் காட்டினார். நான் வீட்டில் பஞ்சுக் குச்சியால் கிளறி இரத்தம் வரச் செய்ததைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. டொன்சில் இரத்தக் குழாய்கள் நிறைந்த இழையம் என்றும், ஈர்க்கு, ஊசி, குச்சி எதையும் அங்கே கொண்டுபோகக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். உணவுக்குப் பின் ஒவ்வொரு தரமும் வெறும் தண்ணீராலோ உப்புத் தண்ணீராலோ பலமாகக் கொப்பளித்தால் பெரும்பாலான கற்கள் சேராது, சேர்ந்தாலும் தாமாக விழுந்துவிடும்.

காலைப் புளிப்புக்கும் ஓயாத செருமலுக்கும் காரணம் வேறு. ரியூசன் முடித்து ஒன்பதரைக்குப் புட்டும் உறைப்புக் கறியும் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குப் படுக்கிற எனக்கு, இரவில் வயிற்று அமிலம் மேலே ஏறித் தொண்டையைத் தொடுகிறது. மிளகுக் குடிநீர் அதைக் கூட்டியதும், தொண்டைக்காகச் சப்பிய மென்தோல் மாத்திரைகள் சில நாட்களில் நெஞ்செரிவு தந்ததும் அப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தின. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியால இடைவெளி விடவும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழ் பலகை வைத்து உயர்த்தவும் சொன்னார். மருந்துச் சீட்டில் அமிலத்தைக் குறைக்கும் குளிசை ஒன்று மட்டுமே இருந்தது.

இவை அனைத்தையும் அவர் ஒரு தாளில் படம் கீறி, தமிழில், அவசரமில்லாமல் சொன்னார். அந்த நேரம் எனக்கு மானிப்பாய் நினைவுக்கு வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்த மண் இது. அத்தனை காலத்துக்குப் பிறகும், அந்த நிலையத்தில் என் கையில் தரப்பட்ட அறிவுறுத்தல் துண்டு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. வைத்தியர் வாயால் சொன்னதைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க அந்த நிலையத்துக்கு ஒரு பக்கமே போதும். என் பக்கத்தில் காத்திருந்த அம்மம்மாவைப் போன்ற ஒருவர் வீட்டுக்குப் போய் அந்தத் துண்டை யாரிடம் கொடுத்து வாசிப்பார் என்ற எண்ணம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

எழும்புமுன் என் தங்கையின் மகனைப் பற்றிக் கேட்டேன். ஏழு வயதான அந்தப் பெறாமகனுக்குக் கடந்த ஒரு வருடத்தில் நான்கு தரம் டொன்சில் அழற்சி வந்தது. வெட்டிவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. ஒரு வருடத்தில் ஏழு தரம், அல்லது தொடர்ந்து இரண்டு வருடங்கள் ஐந்து தரம் வீதம், அல்லது மூன்று வருடங்கள் மூன்று தரம் வீதம் கடுமையாக வந்தால்தான் அழற்சிக்காக அறுவைச் சிகிச்சையைத் தாம் யோசிப்பதாக அவர் சொன்னார். ஒவ்வொரு தரமும் திகதி, காய்ச்சல் அளவு, பாடசாலை போகாத நாட்கள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வரும்படி தங்கைக்குச் சொல்லச் சொன்னார். பிள்ளை இரவில் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறினால் மட்டும் இந்தக் கணக்கைப் பாராமல் உடனே காட்ட வேண்டும். ஐந்து முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளின் ஸ்ரெப்ரோகொக்கஸ் அழற்சியை அலட்சியப்படுத்தினால் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கும் வாதக் காய்ச்சல் வரலாம் என்பதால், வைத்தியர் எழுதித் தரும் பெனிசிலினைச் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த வாரமே இதைச் சொன்னேன். பிள்ளைகளின் காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது, நிறைக்கு ஏற்ற பரசிற்றமோல்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

எந்தப் பொருளையும் வாங்கிப் பார்த்துக் காலம் கடத்தாமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நிலைகள் சில உண்டு. வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுதல், எச்சிலை விழுங்க முடியாமல் வழிதல், வாய்க்குள் சூடான உணவை வைத்துக்கொண்டு கதைப்பது போலக் குரல் மாறுதல், மூச்சு விடச் சிரமப்படுதல் ஆகியவை டொன்சிலைச் சுற்றிச் சீழ்க்கட்டி வைத்திருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம்; அது இரவானாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வெற்றிலையும் புகையிலையும் பழகியவர்களுக்கு ஒரு பக்க டொன்சில் மட்டும் பருத்திருந்தாலோ, தொண்டைப் புண் மூன்று கிழமைகளுக்கு மேல் ஆறாமல் இருந்தாலோ, கழுத்தில் நோவில்லாத கட்டி தெரிந்தாலோ, அதை உப்புத் தண்ணீருக்கு விட்டுவிடக் கூடாது.

சனலிங் கட்டணம், நான் நான்கு மாதங்களில் மருந்துக்கடையில் கொடுத்த மொத்தத் தொகையை விடக் குறைவாகவே இருந்தது. சாப்பாட்டை ரியூசனுக்கு முன்னர், ஆறரை மணிக்கு மாற்றினேன். இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும் பழகிவிட்டன. தேசிக்காய்ச் சாறு, பொரியல், இரவுத் தேத்தண்ணீர் மூன்றையும் விட்டேன். வைத்தியர் தடுக்காத ஒன்று குளிர்ச்சி. ஐஸ்கிறீம் தொண்டையைக் கெடுக்கும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். நொந்த தொண்டைக்குக் குளிர்ந்த மென்மையான உணவு இதமானது என்று அவர் சொன்னதும், ஆவணியில் நல்லூர்த் திருவிழாவின்போது பிள்ளைகளோடு சேர்ந்து நானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். முள் உணர்வு ஆறு கிழமைகளில் போய்விட்டது, கல் ஒன்று மட்டும் புரட்டாசியில் மீண்டும் வந்து கொப்பளித்தபோது தானாக விழுந்தது. ஸ்ரெப்சில்ஸ் இப்போதும் கைப்பையில் இருக்கிறது, அது ஐந்தாம் பாடவேளைக்கு. பீற்றாடின் போத்தல் பாதியோடு அலுமாரியில் நிற்கிறது, திகதி பார்த்து வைத்திருக்கிறேன். தங்கையின் கொப்பியில் இந்த வருடம் இதுவரை இரண்டு வரிகள் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன.